ஆவடியில் பிறந்த விஜயந்தா: ஒரு கவச வண்டியின் சிற்றுருவம் அமைத்தல்

மும்பையில் மாதிரி வண்டிகள் செய்து பழகும் நம் இளைஞர்களிடம் ஜெர்மானியரின் 'டைகர்' டாங்கியைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவர். அதன் சக்கரங்கள் எத்தனை, கவசத்தின் கனம் என்ன என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் சென்னைக்கு மேற்கே ஆவடியில், தமிழகத்துத் தொழிலாளர் பலரின் கைகளில் உருப்பெற்ற 'விஜயந்தா'வைப் பெயரளவிலேனும் அறிந்தவர் அவர்களுள் மிகச் சிலரே. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கடையில் பெட்டியாக வந்து கிடைப்பது எதுவோ அதுவே கைக்கும் மனத்துக்கும் பழகிவிடுகிறது. மாஹிமிலோ மாதுங்காவிலோ செம்பூரிலோ பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு ஆவடி என்பது விடுமுறைப் பயணத்தில் ரயில் கடந்து செல்லும் ஒரு நிலையம், அவ்வளவே. ஆகவே, பெட்டியை நாடாமல், விஜயந்தாவை நம் கையாலேயே முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் செய்வது எவ்வாறு என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் அந்த வண்டியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961-ஆம் ஆண்டில் இந்திய அரசு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதே ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. முதல் முன்மாதிரி 1963-இல் இங்கிலாந்தில் ஆயத்தமாயிற்று. ஆவடியில் செய்த முதல் வண்டி 1965-இல் வெளிவந்தது. அதன்பின் 1980-களிலும் அங்கே அதன் உற்பத்தி நடந்தது. 1971-ஆம் ஆண்டுப் போரில் அது பங்கு கொண்டது. இன்று அது படைப்பணியிலிருந்து முற்றும் ஓய்வு பெற்றுவிட்டது. ஆவடி என்னும் பெயரே சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டி அமைத்தது என்று கூறுவாரும் உண்டு. அது கேட்க இனிய கதை, நாம் அதை நம்பவில்லை.

மாதிரி செய்வோர் அசலை ஒருமுறையேனும் நேரில் காண்பது இன்றியமையாதது. மும்பைவாசிகளுக்கு இது அரிதன்று. அகமத்நகரில், அதாவது இன்றைய அகில்யாநகரில், 1994-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. கல்யாண் வழியாக மால்சேஜ் கணவாய் ஏறிச் செல்லும் சாலையில் அதை அடையலாம். பல நாட்டு டாங்கிகளின் நடுவே விஜயந்தாவும் அங்கே நிற்கிறது. படம் எடுக்கவும் அளவு பார்க்கவும் காப்பாளரின் அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும். அனுமதி கிட்டாவிடினும் கண்ணால் பார்ப்பதற்குத் தடையில்லை. வண்டியின் மீது ஏறுவோர் எங்கே கால் வைப்பர், எதைப் பற்றுவர், எந்த மூடியை எப்பக்கமாகத் திறப்பர் என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் அதுவே பாதி வேலை.

இனி அளவு. விஜயந்தாவின் உடற்பகுதி நீளம் 7.92 மீட்டர், பீரங்கி முன்னே நீண்டிருக்கும்போது மொத்த நீளம் ஏறத்தாழ 9.8 மீட்டர், அகலம் 3.17 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். இவற்றை 35-ஆல் வகுத்தால் உடல் 226 மில்லிமீட்டர், மொத்த நீளம் 280 மில்லிமீட்டர், அகலம் 91 மில்லிமீட்டர், உயரம் 77 மில்லிமீட்டர் என்று வரும். ஒரு பள்ளிக்கூட அடிக்கோலின் நீளத்துக்குள் அடங்கிவிடும். முப்பத்தைந்து என்னும் இந்த எண்ணில் கணித அழகு ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனத்தார் 'பாந்தர்' டாங்கியின் மாதிரி ஒன்றைச் செய்தனர். உள்ளே மின்கலங்களும் சிறு மோட்டாரும் அடங்க வேண்டும் என்பதற்காக அதன் பருமனை வகுத்தனர். பின்னர் கணக்கிட்டுப் பார்க்கையில் அது ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒன்றாக இருந்தது. அந்தத் தற்செயலே இன்று உலகெங்கும் வழக்காகிவிட்டது.

எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதற்கும் இந்த எண்ணே விடை தருகிறது. மாதிரியை ஒரு மீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பது அசலை 35 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். நல்ல கண்ணுக்கு ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் வரை வேறுபாடு தெரியும். அது அசலில் ஒரு சென்டிமீட்டர். அதனினும் சிறிய ஆணித்தலையைச் செதுக்க இரவெல்லாம் கண் விழிப்பது வீண். கையில் எடுத்து முகத்தருகே வைத்துப் பார்ப்போரும் உளர் அல்லவா என்றால், அவர்களுக்காக மூன்று மில்லிமீட்டர் வரை இறங்கலாம். அதற்குமேல் எவருக்காகவும் இறங்க வேண்டியதில்லை.

பொருளுக்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்கே இறங்கினால் தாராவி. அங்கே பதின்மூன்றாம் காம்பவுண்டில் நகரத்தின் பழைய பிளாஸ்டிக்கெல்லாம் வந்து குவிந்து, வகை வகையாகப் பிரிக்கப்படுகிறது. நமக்கு வேண்டுவது பாலிஸ்டைரீன் என்னும் வகை. ஒரு மில்லிமீட்டர் கனமும் அரை மில்லிமீட்டர் கனமும் உள்ள தகடுகள் இருந்தால் போதும். அதை இனங்காண எளிய வழி உண்டு. ஒரு துண்டை நறுக்கித் தண்ணீரில் இட வேண்டும். வாளி, குடம் முதலியவை செய்யும் பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், பாலிஸ்டைரீன் மூழ்கும். மூழ்கியதை எடுத்து, உப்பை நன்கு கரைத்த தண்ணீரில் இட்டால் பாலிஸ்டைரீன் மேலே வந்துவிடும். குழாய்கள் செய்யும் பி.வி.சி. அப்போதும் அடியிலேயே கிடக்கும். இந்தச் சோதனையை வேடிக்கை என்று தள்ளிவிடலாகாது. மிதக்கும் வகைகளில் நம் ஒட்டுத் திரவம் பிடிக்காது. வண்ணமும் நாளடைவில் உரிந்துவிடும்.

பாலிஸ்டைரீனுக்குரிய ஒட்டுத் திரவம் பசை போன்றதன்று. அது இரு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக உருக்கிப் பின் ஆவியாகிவிடுவது. ஆகையால் மூட்டு பிரியாது. அந்த ஆவி தலைவலி தருவது, தீப்பற்றுவதும்கூட. சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் நம் சால் வீடுகளில் இதை மறக்கலாகாது. அடுப்பு எரியும்போது புட்டியைத் திறக்கக் கூடாது. சாளரத்தைத் திறந்துவைத்து, சிறு குழந்தைகள் உறங்கும் நேரத்தைத் தவிர்த்துச் செய்ய வேண்டும். பிளாஸ்டிக்கைத் தேய்க்கும்போதும் உலர்ந்த உப்புத்தாளை விட்டு, நீர்த்தாளை நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. நம் பொழுதுபோக்குக்கு வீட்டார் நுரையீரலைப் பணயம் வைப்பது முறையன்று.

விஜயந்தாவின் உடலும் சுழல் கூண்டும் உருட்டிய எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து ஆனவை. வார்ப்பில் வந்த உருண்டை வடிவங்கள் அல்ல. கையால் செய்வோர்க்கு இது பெரும் பேறு. தட்டையான தகடுகளை வரைந்து, வெட்டி, கோணம் பார்த்து ஒட்டினால் உருவம் வந்துவிடுகிறது. முதலில் தடித்த அட்டையில் ஒரு முழு உருவம் செய்து பார்த்து, பிறகு பிளாஸ்டிக்கை வெட்டுவது பொருளை மிச்சப்படுத்தும். ஒவ்வொரு பக்கத்திலும் தரைச் சக்கரங்கள் ஆறு. அவற்றுக்கு மேலே சங்கிலிப் பட்டையைத் தாங்கும் சிறு உருளைகள் மூன்று. பட்டையை இழுக்கும் பற்சக்கரம் பின்புறம் இருக்கிறது, ஏனெனில் எஞ்சின் பின்புறம் இருக்கிறது. அது லேலண்ட் நிறுவனத்தின் எல்-60 எஞ்சின், 535 குதிரைத்திறன் கொண்டது. அதனால் பின்மேல் தளம் முழுவதும் காற்றுப் பலகணிகளே நிறைந்திருக்கும். அவற்றை ஒரே தகட்டில் கோடு கீறி முடித்துவிடுவோர் பலர். அரை மில்லிமீட்டர்ப் பட்டைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து ஒட்டுவதே நேர்மையான வழி. நமக்கு அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

நுணுக்க வேலையைத் தொடங்குமுன் வண்டிக்குள் இருக்கும் நால்வரை நினைத்துக்கொள்ள வேண்டும். உடலின் முன்வலப்புறம் ஓட்டுநர். கூண்டின் வலப்பக்கத்தில் தலைவரும் சுடுநரும். இடப்பக்கத்தில், இருபது கிலோவை ஒட்டிய எடையுள்ள குண்டுகளைத் தூக்கி ஏற்றுபவர். ராஜஸ்தான் வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் அமர்ந்த இவர்களுடைய தண்ணீர்க் கலங்களும், சுருட்டிய படுக்கைகளும், கயிறும் மண்வெட்டியும் வெளியேதான் கட்டப்பட்டிருக்கும். மாதிரியில் இவை அலங்காரம் அல்ல. படுக்கைச் சுருள் காற்றுப் பலகணியை அடைத்துக் கிடந்தால் எஞ்சின் சூடேறும். தண்ணீர்க் கலம் கூண்டு சுழலும் வழியில் இருந்தால் நசுங்கும். எந்தப் பொருளை எங்கே ஒட்டினாலும், நால்வரில் ஒருவர் அதை எட்டி எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாலே பெரும்பாலான பிழைகள் விலகிவிடும்.

பீரங்கி 105 மில்லிமீட்டர் விட்டமுடையது. நம் மாதிரியில் குழலின் வாய் சரியாக 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அலுமினியக் குழாயே இதற்கு ஏற்றது. பிளாஸ்டிக் குழல் மும்பைக் கோடையில் வளைந்துவிடுகிறது. குழலின் இடையே உள்ள பருத்த பகுதி, சுட்டபின் புகை கூண்டுக்குள் திரும்பாமல் வெளியே இழுப்பதற்கானது. அதை மறக்கக் கூடாது. பீரங்கியின் பக்கத்தில் 12.7 மில்லிமீட்டர்த் துப்பாக்கிக்குரிய ஒரு சிறு துளை உண்டு. இத்துப்பாக்கி பகைவரைச் சுடுவதற்காக வைத்ததன்று. தொலைவு அளப்பதற்காக வைத்தது. அதன் ஒளிரும் தோட்டாக்கள் இலக்கில் படுவதைக் கண்டபின், அந்தத் தொலைவுக்கேற்பப் பெரும்பீரங்கியை இயக்குவர். பிற்காலத்தில் லேசர்க் கதிரால் அளக்கும் கருவிகள் வந்தன. ஆகவே எந்த ஆண்டின் வண்டியைச் செய்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். தலைவரின் மூடியருகே உள்ள இயந்திரத் துப்பாக்கிக்கு மருத்துவர் பயன்படுத்தும் 21-ஆம் எண் ஊசி பொருந்தும். அதன் வெளிவிட்டம் 0.8 மில்லிமீட்டர். பயன்படுத்தாத புதிய ஊசியையே வாங்கி, முனையை அராவி மழுக்கிய பின்னரே கையாள வேண்டும்.

பலருடைய மாதிரிகள் எத்துணை நன்றாக இருந்தாலும் காகிதம் போல் எடையற்றுத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. அசலின் எடை ஏறத்தாழ 39 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 35 மடங்கு குறையும்போது எடை 35-இன் கனமாகிய 42,875 மடங்கு குறைகிறது. எஃகிலேயே செய்தாலும் மாதிரி 900 கிராமுக்குச் சற்று மேல்தான் இருக்கும். பிளாஸ்டிக்கில் அதில் சிறு பகுதியே வரும். அசலில் அந்த எடையால் பட்டை உருளைகளுக்கிடையே தொய்ந்து, தரையில் இறுகப் படிந்து கிடக்கிறது. நம் பட்டை தானாகத் தொய்யாது. ஆகையால் உருளைகளுக்கு நடுவே மெல்லிய கம்பியால் அழுத்தி ஒட்ட வேண்டும். வயிற்றுக்குள் சில இரும்பு நட்டுகளை இட்டு நிரப்புவதும் நன்று. கையில் எடுப்போர் முகத்தில் மாறுதல் தெரியும்.

வண்ணம் தீட்டும் பருவம் முக்கியமானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாஹிமில் லாக்கர் வண்ணத்தைத் தெளித்தால் மேலே வெண்படலம் படர்கிறது. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மீது பனியாகப் படிவதே காரணம். மழைக்காலத்தில் வெட்டும் வேலையையும், தீபாவளிக்குப் பின் வண்ண வேலையையும் வைத்துக்கொள்வது உத்தமம். அடிவண்ணமாகிய படைப்பச்சையைச் சற்று வெளிறச் செய்துகொள்ள வேண்டும். தொலைவிலுள்ள பொருள் வெளிறித் தோன்றுவது இயல்பு, நாமோ 35 மீட்டர் தொலைவைக் காட்டுகிறோம். அக்ரிலிக் அடிவண்ணம் நன்கு காய்ந்தபின், பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் மிக நீர்க்கக் கலந்து மூலைகளில் ஓட விட்டால் இடுக்குகள் நிழல் பெறும். டர்பன்டைன் காய்ந்த அக்ரிலிக்கைக் கரைக்காது. அதனால் கீழ்வண்ணம் கெடாது. சக்கரங்களின் ரப்பர் விளிம்பைக் கரும் சாம்பலாகத் தீட்ட வேண்டும், முழுக் கறுப்பாக அன்று. சக்கரம் உருளும் பட்டையின் உட்புறமும், தரையில் உரசும் வெளிமேடுகளும் எப்போதும் மினுங்கும். அங்கே பென்சில் கரியைத் தேய்த்தால் உலோகப் பளபளப்பு வரும்.

புழுதிக்கு மாஹிம் கடற்கரை மணலை அள்ளி வருவோர் உண்டு. அரை மில்லிமீட்டர் மணலொன்று இந்த அளவில் விரற்கடைப் பருமனுள்ள கூழாங்கல்லாகக் காட்சி தரும்; அதிலுள்ள உப்போ ஈரத்தை இழுத்து உலோகப் பகுதிகளை அரிக்கும். தாராவியின் கும்பார்வாடாவில் குயவர்கள் பயன்படுத்தும் களிமண்ணில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, உலர்த்தி, பொடித்து, மல்துணியில் சலித்தால் வேண்டிய மென்மை கிடைக்கிறது. பாலைப் புழுதி என்றால் கிடைத்தளங்களிலும் மூலைகளிலும் உலர்ந்து படியும். பஞ்சாப் வயற்சேறு என்றால் சக்கரங்களுக்கிடையே கட்டியாக ஒட்டும். இரண்டையும் ஒரே வண்டியில் காட்டுவதைக் காண்கிறோம். அப்படிப்பட்ட ஊர் எங்கும் இல்லை. துருவையும் அளவோடு வைக்க வேண்டும். அன்றாடம் பேணப்படும் போர்வண்டியில் நால்வர் ஏறி இறங்கித் தேய்ந்த தடங்கள் இருக்கும். கப்பல் உடைக்கும் துறையில் கிடக்கும் இரும்பின் தோற்றம் இராது.

முடிந்ததைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும்; கடற்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. அடியில் வண்டியின் பெயர், 'ஆவடி' என்னும் ஊர்ப்பெயர், எந்த ஆண்டின் தோற்றம், எவ்வளவு சிறிதாக்கப்பட்டது என்பவற்றை எழுதி ஒட்டலாம். பெட்டியின் மூலையில் சிலிக்கா மணிகள் கொண்ட ஒரு சிறு துணிப்பையை இட்டால் அது ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். மணிகள் நிறம் மாறியதும் அவற்றை இதற்கென ஒதுக்கிய ஒரு பழைய வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.