கோல் நேராகப் போனதா?

பூல் மேசையில் பந்து குழியில் விழாவிட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "குறி தப்பிப்போச்சு." அடுத்த முறை கண்ணை இன்னும் சுருக்கிக் குறி பார்ப்போம். மறுபடியும் தப்பும். ஆர்வத்தோடு ஆட வரும் பலர் இந்த இடத்திலேயே வருஷக்கணக்கில் நின்றுவிடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

குறி பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. குழியிலிருந்து வண்ணப் பந்தின் நடுவழியாக மனத்துக்குள் ஒரு கோடு இழுங்கள். அது பந்தின் முதுகில் வெளியே வரும் இடத்தை, கோலால் நாம் அடிக்கும் வெள்ளைப் பந்து தொட வேண்டும், அவ்வளவுதான். கண் இதைச் சீக்கிரம் பழகிக்கொள்ளும். கைதான் பழகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூல் பந்தின் விட்டம் சுமார் 57 மில்லிமீட்டர். வெள்ளைப் பந்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வண்ணப் பந்து. அதே நேர்கோட்டில் இன்னொரு மீட்டர் தள்ளி மூலைக் குழி. வெள்ளைப் பந்து வெறும் அரை டிகிரி விலகிக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்ணப் பந்திடம் போய்ச் சேரும்போது அது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். இரண்டும் உருண்டை என்பதால், அந்தச் சின்ன விலகல் வண்ணப் பந்தை ஏறக்குறைய 9 டிகிரி திருப்பிவிடும். குழிப் பக்கம் போகும்போது 15 சென்டிமீட்டர் விலகியிருக்கும். குழியின் வாயோ 12 சென்டிமீட்டருக்குள்தான்! குறி சரியாக இருந்தும் பந்து வெளியே நிற்பது இப்படித்தான்.

அந்த அரை டிகிரி பெரும்பாலும் கோலின் பின்பக்கத்தைப் பிடித்திருக்கும் கையிலிருந்து வருகிறது. முழங்கையிலிருந்து தொங்கும் முன்கையை ஊஞ்சலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் பலகை மட்டமாக ஓடுவது, அது ஆகத் தாழ வரும் இடத்தில்தான். ஆகவே கோல் நுனி பந்தைத் தொடும் நேரத்தில் முன்கை செங்குத்தாகத் தொங்க வேண்டும். கோலை ரொம்பப் பின்னால் பிடித்தால், தொடும்போது கை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். நுனி மேலே எழும்பும். இடுப்பு குறுக்கே நின்றால் கோல் அதைச் சுற்றி வளைந்து வரும். காலை எங்கே ஊன்றுவது என்று முதலில் சொல்லிக்கொடுப்பது, கோலுக்கு வழிவிடத்தான்.

அடுத்தது விரல்கள். பலமாக அடிக்க நினைத்ததுமே அவை இறுகும், மணிக்கட்டு திரும்பும், நுனி பக்கவாட்டில் நழுவும். கோல் விழாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

அதற்காக எல்லாரும் ஒரே அச்சில் நிற்க வேண்டியதில்லை. 1999-இல் உலக நைன்-பால் பூல் பட்டம் வென்ற பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸ், அடிப்பதற்கு முன் கோலை நெளித்து நெளித்து ஆட்டுவார். பந்தைத் தொடும் நேரத்தில் மட்டும் அது நேராக இருக்கும். அவரைப் பார்த்து நெளிவை மட்டும் எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் நிறைய.

உங்கள் கோலைச் சோதிக்க வண்ணப் பந்தே வேண்டாம். மேசையின் நீளவாக்கு நடுக்கோட்டில் வெள்ளைப் பந்தை வைத்து, எதிர் விளிம்பைப் பார்த்து நேராக அடியுங்கள். அடித்த பிறகு தலையைத் தூக்காமல், கோலை அப்படியே விட்டுவையுங்கள். பந்து திரும்பி வந்து நுனியில் முட்ட வேண்டும். வலப்பக்கம் விலகி வந்தால், பெரும்பாலும் நடுவுக்கு வலப்பக்கம் தொட்டுச் சுழல் கொடுத்திருக்கிறீர்கள். மெதுவாக அடித்து நேராக வந்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள். வேகம் கூடியதும் விலக ஆரம்பித்தால், விரல் இறுகுகிறதா என்று முதலில் பாருங்கள்.