பானையை உடைக்குமுன் பந்தைப் போட்டுப் பாருங்கள்

தண்ணீர் நிறைந்த மண்பானை கைநழுவி விழுந்து உடைய வேண்டும். அதை ஸ்லோ மோஷனில் காட்ட வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி மாணவர்கள் எடுத்த குறும்படத்தில் இப்படி ஒரு காட்சி. வாங்கியிருந்தவை மூன்று பானைகள். இரண்டை உடைத்துவிட்டு, "சார், திரையில் பானை தத்தித் தத்தி விழுகிறது. உடைவதே தெரியவில்லை" என்று மூன்றாவதுடன் என்னிடம் வந்தார்கள்.

வழக்கம்போல் வினாடிக்கு 24 படம் வீதம் எடுத்துவிட்டு, கணினியில் அதைப் பத்து மடங்கு மெதுவாக ஓட்டியிருக்கிறார்கள். தவறு இங்கேதான். ஸ்லோ மோஷனுக்கு விரைவாகப் படமெடுக்க வேண்டும். வினாடிக்கு 240 படம் எடுத்து, 24 வீதம் காட்டினால் நிகழ்ச்சி பத்து மடங்கு நீளும். ஆஸ்திரியப் பாதிரியாரும் இயற்பியலாளருமான ஆகஸ்ட் முஸ்கர் இதற்கான கருவிக்கு 1904-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

ஒரு சிறு கணக்கு. 1.25 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பானை தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர். இதை 24-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பானை 20 செ.மீ. இறங்கிவிடுகிறது! முதல் படத்தில் அது அந்தரத்தில் இருக்கும். அடுத்ததில் சில்லுகளாகக் கிடக்கும். நடுவில் நடந்தது பதிவாகவே இல்லை. பதிவாகாததை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் பார்க்க முடியாதல்லவா? 240 வீதம் எடுத்தால் அந்த இடைவெளி 2 செ.மீ. ஆகக் குறையும்.

இன்று பல கைப்பேசிகளில் 240 என்ற வசதி இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை நம்பி உடனே பானையை உடைத்துவிடாதீர்கள். சில கருவிகள் குறைவாகப் படமெடுத்து, நடுவில் தாமே படங்களை உண்டாக்கி நிரப்பிவிடும். சோதிக்க ஒரு ரப்பர் பந்து போதும். சுவரில் 1.25 மீட்டர் உயரத்தில் கோடிட்டு, அங்கிருந்து பந்தைத் தள்ளாமல் விட்டுவிடுங்கள். அது தரையை அடைய அரை வினாடி ஆகும். கணினியில் ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணுங்கள். ஏறத்தாழ 120 வர வேண்டும். 60 தான் வருகிறதென்றால் உங்கள் காமிரா எடுப்பது வினாடிக்கு 120 படமே. எண்ணிக்கை சரியாக இருந்தும், அடுத்தடுத்த இரு படங்களில் பந்து ஒரே இடத்தில் நின்றால் அதுவும் போலிதான்.

இன்னொரு சோதனையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. 20 படங்களுக்கு ஒரு முறை பந்தின் இடத்தைக் குறியுங்கள். அது கடந்த தூரங்கள் 3.4, 10.2, 17 செ.மீ. என்று வரும். 1 : 3 : 5 என்ற இந்த விகிதம் கலிலியோ கண்டது. அது பிறழ்ந்தால், இடையில் படங்கள் விடுபட்டிருக்கலாம்.

அடுத்தது வெளிச்சம். 240 வீதம் எடுக்கும்போது ஒரு படத்துக்குக் கிடைக்கும் ஒளி பத்தில் ஒரு பங்குதான். மாணவர்கள் வகுப்பறையில் எடுத்திருந்தார்கள். அங்கே சோக் வைத்த பழைய குழல் விளக்குகள். நம் மின்சாரத்தில் அவை வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு ஸ்லோ மோஷனில் அப்பட்டமாகத் தெரியும். வெயிலில் இரண்டு தொல்லையும் இல்லை.

மூன்றாவது பானையை முற்பகல் வெயிலில், மைதானத்தின் சிமெண்டுத் திண்ணையில் போட்டோம். சில்லுகள் விலகுவதும், தண்ணீர் பக்கவாட்டில் விரிந்து எழுவதும் அழகாகப் பதிந்தன. விரிசல் ஓடியதை மட்டும் பிடிக்க முடியவில்லை. ஒரு படத்தில் முழுப் பானை. அடுத்த படத்தில் விரிசல் விளிம்புவரை ஏறியிருந்தது. அதைப் பிடிக்க வினாடிக்குப் பல்லாயிரம் படம் எடுக்கும் காமிரா வேண்டும்.