சினிமா தியேட்டருக்கு போவது கட்டுப்படி ஆகுமா? டிக்கெட்டை விட பாப்கார்ன் செலவு எகிறுவது ஏன்?

சென்னை,-

பெரம்பூர்வாசிகளால் ஸ்ரீ பிருந்தா தியேட்டரை மறக்க முடியாது. 1985-ம் ஆண்டு நடிகர் ரஜினிகாந்த் திறந்து வைத்த தியேட்டர் அது. 40 வருடம் ஓடிய அந்த தியேட்டர் 2025 மார்ச் 31-ந் தேதியோடு மூடப்பட்டது. கடைசியாக ஓடிய படம் பிரதீப் ரங்கநாதன் நடித்த ‘டிராகன்’.

இதில் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். ‘டிராகன்’ பிப்ரவரி 21-ந் தேதி தியேட்டருக்கு வந்தது. சரியாக 4 வாரம் கழித்து, மார்ச் 21-ந் தேதி நெட்பிளிக்சில் வந்து விட்டது. பிருந்தாவில் கடைசி காட்சி ஓடியபோது அந்த படம் 10 நாளாக ஜனங்களின் செல்போனில் இருந்தது!

‘‘ஒரு மாசம் பொறுத்தா போன்லயே வந்துடும். அதுக்கு ஏன் ரெண்டாயிரம் ரூபா தண்டம் அழணும்?’’ இதுதான் இப்போது வீட்டுக்கு வீடு நடக்கும் பட்டிமன்றம். தியேட்டருக்கு போய் படம் பார்ப்பது இன்னும் கட்டுப்படி ஆகுமா? பணம் எங்கேதான் போகிறது? கொஞ்சம் கணக்கு போட்டு பார்க்கலாம்.

நாலு பேர் போனால்...

வேறு யார் கதையோ வேண்டாம். இதை எழுதுபவரின் வீட்டில் நடந்ததையே சொல்லி விடலாம். போன லீவில் கணவன், மனைவி, 2 பிள்ளைகள் என 4 பேர் ஒரு மாலில் உள்ள மல்டிபிளக்சுக்கு போனோம்.

டிக்கெட் ஒன்று 183 ரூபாய். 4 டிக்கெட் 732 ரூபாய். செல்போனில் புக்கிங் செய்ததற்கு தனியாக ‘கன்வீனியன்ஸ் பீஸ்’ 140 ரூபாய். வீட்டில் உட்கார்ந்து நாமே பட்டனை அழுத்தியதற்கு நாமே கட்டணம் கட்ட வேண்டுமாம். இருக்கட்டும்.

இடைவேளையில் பிள்ளைகள் விடவில்லை. 2 பாப்கார்ன், 2 கூல்டிரிங்ஸ். பில் 1,040 ரூபாய். ஆட்டோ போக வர 300 ரூபாய். மொத்தம் 2 ஆயிரத்து 212 ரூபாய் காலி!

இதில் டிக்கெட் மட்டும் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் படத்துக்கு சம்பந்தமே இல்லாத செலவு. ‘‘டிக்கெட் விலை ஏறிப்போச்சு’’ என்று எல்லோரும் பொத்தாம்பொதுவாக புலம்புகிறோமே, அது பாதி உண்மைதான்.

டிக்கெட் விலை யார் கையில்?

தமிழ்நாட்டில் தியேட்டர்காரர் இஷ்டத்துக்கு டிக்கெட் விலை வைக்க முடியாது. உச்சபட்ச கட்டணத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது. மல்டிபிளக்சுக்கு ரொம்ப நாளாக 120 ரூபாயாக இருந்தது. 2017 அக்டோபரில் அதை 150 ரூபாயாக உயர்த்தினார்கள். மற்ற தியேட்டர்களுக்கு அதைவிட குறைவு. பெங்களூரு, மும்பை மால்களில் புது படத்துக்கு 500 ரூபாய் டிக்கெட் சர்வ சாதாரணம். அந்த வகையில் நம்ம ஊர் ரசிகர் கொடுத்து வைத்தவர்.

ஆனால் 150 என்பது வரி இல்லாத விலை. அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 27 ரூபாய். ஆக 177. அப்புறம் உள்ளாட்சி கேளிக்கை வரி வேறு. அதனால்தான் 150 ரூபாய் டிக்கெட் 180-ஐ தாண்டி விடுகிறது.

இந்த வரி விவகாரம் ஒரு காலத்தில் பெரிய ரகளையே ஆனது. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம். அதோடு உள்ளாட்சி வரி 30 சதவீதம் என்றார்கள். ‘எங்களால் முடியாது சாமி’ என்று தமிழ்நாடு முழுக்க தியேட்டர்களை இழுத்து மூடி விட்டார்கள். 4 நாள் எந்த தியேட்டரிலும் படம் இல்லை. பிறகு பேச்சுவார்த்தை, வரி குறைப்பு என்று ஒரு வழியாக சமாதானம் ஆனது. 2019 ஜனவரியில் 28 சதவீதம் 18 ஆனது.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 100 ரூபாய் வரை உள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12-ல் இருந்து 5 சதவீதமாக இறங்கியது. 100-ஐ தாண்டினால் பழையபடி 18-தான். யாருக்கு லாபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாலுக்கு போகிறவருக்கு ஒரு பைசா குறையவில்லை. சாதாரண தியேட்டருக்கு போகிறவருக்கு குறைந்திருக்கிறது.

இன்னொன்று. பெரிய ஹீரோ படம் என்றால் முதல் நாள் 500, 1000 என்று விற்கிறார்களே, அது சட்டப்படி தப்பு. அரசு நிர்ணயித்த விலைக்கு மேல் யார் வாங்கினாலும் அது பிளாக்தான், கவுண்டர் உள்ளே இருந்து விற்றாலும் சரி. டிக்கெட்டில் அச்சடித்த விலையை பார்த்து பணம் கொடுங்கள்.

பாப்கார்ன் ரகசியம்

சரி, சோளப்பொரிக்கு ஏன் இந்த விலை? கடற்கரையில் 30 ரூபாய்க்கு கிடைப்பது மாலுக்குள் நுழைந்ததும் பத்து மடங்காக ஏறுவது ஏன்?

நாம் கொடுக்கும் டிக்கெட் பணம் முழுசாக தியேட்டர்காரருக்கு போவதில்லை. வரி போக மிச்சத்தை விநியோகஸ்தரும் தியேட்டரும் பங்கு பிரிக்கிறார்கள். முதல் வாரம் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு. பெரிய நடிகர் படம் என்றால் அந்த பங்கு இன்னும் கூடும். நாள் ஆக ஆக தியேட்டரின் பங்கு ஏறும். படம் 50 நாள், 100 நாள் ஓடினால் பின்னால் வரும் வாரங்களில் தியேட்டர்காரர் நாலு காசு பார்ப்பார்.

அந்த காலத்தில் இது சரியாக இருந்தது. 2005-ல் ‘சந்திரமுகி’ அண்ணாசாலை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கும் மேல் ஓடியது. இப்போது? 2 வாரம் தாண்டினால் வெற்றி விழா. தியேட்டருக்கு நல்ல பங்கு கிடைக்க வேண்டிய நேரத்தில் படமே இருப்பதில்லை. (அந்த சாந்தி தியேட்டரும் 2016-ல் மூடப்பட்டு விட்டது.)

டிக்கெட் விலையை ஏற்ற முடியாது. பங்கும் குறைவு. ஆனால் கரண்டு பில், ஏ.சி., ஆள் சம்பளம், மால் வாடகை எல்லாம் நிற்குமா? அந்த ஓட்டையை அடைப்பதுதான் பாப்கார்னும் பார்க்கிங்கும் விளம்பரமும். பாப்கார்ன் விலைக்கு அரசு உச்சவரம்பு வைக்கவில்லை. அதனால் அங்கே போட்டு தாக்குகிறார்கள். இது நியாயமா என்றால், நியாயம் இல்லை. ஆனால் காரணம் இதுதான்.

விளம்பரமும் அப்படித்தான். படம் 4.05 மணி என்று போட்டுவிட்டு 25 நிமிடம் விளம்பரம் ஓட்டினார்கள் என்று பெங்களூரு ரசிகர் ஒருவர் நுகர்வோர் கோர்ட்டுக்கு போனார். 2025 பிப்ரவரியில் அவருக்கு நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. உடனே தியேட்டர் தரப்பு ஐகோர்ட்டுக்கு போய் தடை வாங்கியது. ஆனாலும் மனுஷன் கேட்ட கேள்வி எல்லோர் மனசிலும் இருப்பதுதானே!

தண்ணீர் இலவசம்... கேட்டு வாங்குங்க!

வெளியில் இருந்து சாப்பாடு கொண்டு போகலாமா? இந்த கேள்விக்கு சுப்ரீம் கோர்ட்டு 2023 ஜனவரி 3-ந் தேதி விடை சொல்லி விட்டது. தியேட்டர் தனியார் சொத்து. வெளி உணவு கூடாது என்று சொல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு. வாங்குவதும் வாங்காததும் ரசிகர் இஷ்டம்.

அதே தீர்ப்பில் இருக்கும் 2 விஷயம் பலருக்கு தெரியாது. சுத்தமான குடிநீரை தியேட்டர் இலவசமாக தர வேண்டும். கைக்குழந்தையோடு வருபவர்கள் குழந்தைக்கு வேண்டிய அளவு உணவு எடுத்து போகலாம். ‘‘தண்ணி பாட்டில் கேன்டீன்ல வாங்கிக்கோங்க’’ என்று சொன்னால் விடாதீர்கள். குழாய் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் பாத்ரூம் பக்கத்தில் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருப்பார்கள்.

4 வாரமா... 8 வாரமா?

செல்போனில் படம் பார்க்கும் பழக்கத்தை கொரோனாதான் கொண்டு வந்து விட்டது. 2020 மார்ச்சில் தியேட்டர்கள் மூடப்பட்டன. மே மாதம் ஜோதிகாவின் ‘பொன்மகள் வந்தாள்’ தியேட்டருக்கே வராமல் நேராக அமேசானில் வந்தது. தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். நவம்பரில் சூர்யாவின் ‘சூரரைப் போற்று’ம் அதே வழியில் வந்தது. 2021 பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ தியேட்டருக்கு வந்து கூட்டத்தை திரும்ப இழுத்தது. ஆனால் அதுவும் 16-வது நாளே ஓ.டி.டி.க்கு போய் விட்டது.

இப்போது பெரிய தமிழ் படங்களுக்கு 4 வாரம் என்பது எழுதாத சட்டம் மாதிரி ஆகி விட்டது. ‘ஜெயிலர்’ 2023 ஆகஸ்டு 10-ந் தேதி ரிலீஸ், செப்டம்பர் 7-ந் தேதி அமேசானில் ஆஜர். இந்தி படங்களுக்கு பெரிய மல்டிபிளக்ஸ் கம்பெனிகள் 8 வாரம் கேட்கின்றன. அதை கொடுக்காததால் ‘லியோ’ படத்தை வடஇந்தியாவில் அந்த கம்பெனிகள் இந்தியில் திரையிடவே இல்லை. 2024 ஜூலையில் தமிழ் திரைப்பட தயாரிப்பாளர்களும் தியேட்டர் தரப்பினரும் கூடி, முன்னணி நடிகர்கள் படம் 8 வாரம் கழித்துத்தான் ஓ.டி.டி.க்கு போக வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் பேப்பரில் இருக்கிறது. ‘டிராகன்’ 4 வாரத்தில் வந்தது.

தயாரிப்பாளரை மட்டும் குறை சொல்லி பயன் இல்லை. ஓ.டி.டி. கம்பெனி சீக்கிரம் கொடுத்தால் கூடுதல் பணம் என்கிறது. கடன் வாங்கி படம் எடுத்தவர் வேறு என்ன செய்வார்?

ரசிகர் பக்கம் கணக்கு இன்னும் சுலபம். நெட்பிளிக்சின் செல்போன் திட்டம் மாதம் 149 ரூபாய். ஒரே ஒரு மல்டிபிளக்ஸ் டிக்கெட் அதைவிட அதிகம்!

அப்போ போகலாமா, வேண்டாமா?

எல்லா படத்துக்கும் போக வேண்டிய அவசியம் இல்லை. இது எங்கள் கருத்து. ‘பொன்னியின் செல்வன்’, ‘விக்ரம்’ மாதிரி படங்களை கையளவு திரையில் பார்ப்பது, கல்யாண சாப்பாட்டை டிபன் பாக்சில் வாங்கி சாப்பிடுவது மாதிரி. சாப்பிடலாம், ருசி வேறு. சிரிப்பு படமும் அப்படித்தான். பக்கத்தில் 300 பேர் சிரிக்கும்போது வரும் சிரிப்பு வீட்டு சோபாவில் வராது. குக்கர் விசில், கேஸ்காரர், மாமியார் போன் என்று 2½ மணி நேர படத்தை 3 நாளாக பார்ப்பவர்கள்தான் அதிகம்.

2004-ல் வந்த விஜய்யின் ‘கில்லி’, டி.வி.யில் நூறு தடவை போட்ட படம். 2024 ஏப்ரலில் மறுபடி ரிலீஸ் செய்தபோது தியேட்டர்கள் நிரம்பி வழிந்தன. கதை தெரியாமலா போனார்கள்? கூட்டத்தோடு சேர்ந்து கத்துவதற்காக போனார்கள். அதை எந்த செல்போனும் தர முடியாது.

செலவை குறைக்க நினைத்தால் முதல் 3 நாளை விட்டு விடுங்கள். 2-வது வாரம் திங்கள் முதல் வியாழன் வரை கூட்டம் இருக்காது. கவுண்டரில் போய் வாங்கினால் புக்கிங் கட்டணம் மிச்சம். வீட்டில் வயிறாற சாப்பிட்டு விட்டு மேட்னி போனால் பாப்கார்ன் தொல்லை பாதி குறையும். பாதிதான். பிள்ளைகள் இருந்தால் முழுசாக குறையாது.

பக்கத்து தெரு தியேட்டர்

ஆனால் இந்த யோசனை எல்லாம் பக்கத்தில் ஒரு சாதாரண தியேட்டர் இருந்தால்தான் பலிக்கும். அதுதான் இப்போது குறைந்து கொண்டே வருகிறது. அசோக் நகரில் 1983 முதல் இருந்த உதயம் தியேட்டர் வளாகம் 2024-ல் மூடப்பட்டது. வடபழனி ஏவி.எம். ராஜேஸ்வரியும், தண்டையார்பேட்டை அகஸ்தியாவும் கொரோனா நேரத்தோடு முடிந்து போயின. உதயம் பக்கத்துக்காரர்களுக்கு காசி, கமலா இருக்கிறது. இந்த கமலாவில்தான் பழைய படங்களை 49 ரூபாய் டிக்கெட்டில் போட்டு இளவட்டங்களை இழுத்தார்கள்.

தியேட்டர் மூடினால் போகிறவர் மாலுக்கு போய்க்கொள்ளட்டும் என்று சொல்லி விடலாம். எல்லோரும் போவதில்லை. எங்கள் அம்மா 30 வருடமாக பிருந்தாவுக்கு நடந்தே போய் படம் பார்த்தவர். தீபாவளி, பொங்கல் தவறாது. பக்கத்து வீட்டு பெண்கள் 5, 6 பேர் சேர்ந்து மேட்னிக்கு கிளம்புவார்கள். முந்தானையில் முடிந்த பணம் டிக்கெட்டுக்கும் ஒரு முறுக்கு பாக்கெட்டுக்கும் சரியாக இருக்கும்.

மாலுக்கு கூப்பிட்டால், ‘‘அந்த ஓடுற படிக்கட்டுல எனக்கு கால் வைக்க வராதுடா’’ என்று மறுத்து விடுகிறார். லிப்ட் இருக்கிறது என்றாலும் கேட்பதில்லை. பாப்கார்ன் விலையை பேத்தி சொல்லி விட்டாள், அதுவும் ஒரு காரணம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஷேர் ஆட்டோவில் போகும் தூரத்தில் உள்ள ஒரு பழைய தியேட்டருக்கு அவரையும் சேர்த்து 5 பேராக போனோம். டிக்கெட் 600-க்குள் முடிந்தது. சமோசா, டீ, ஆட்டோ எல்லாம் சேர்த்தும் ஆயிரத்தை தொடவில்லை. சீட் கொஞ்சம் கிழிந்திருந்தது, ஏ.சி.யை இடைவேளைக்கு பிறகு நிறுத்தி விட்டார்கள். படம் பார்த்தவர்களை எண்ணினால் 40 பேர்கூட தேறாது.

வெளியே வரும்போது அம்மா கேட்டார்: ‘‘ஏண்டா, இதையும் மூடிடுவாங்களா?’’