ஆற்றுநீரிலிருந்து ஹைட்ரஜன்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவோர் ரிங்லெட்டைக் கடந்ததும் சாலையோரத்தில் ஓர் ஏரியைக் காண்பர். அஃது இயற்கையாய் அமைந்த ஏரியன்று. பெர்த்தாம் ஆற்றை மறித்து 1963ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற சுல்தான் அபூபக்கர் அணையின் நீர்த்தேக்கமாகும். தெலோம் ஆற்றின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, ஹாபு மின்நிலையத்தை இயக்கிவிட்டு, இதில் கலக்கிறது. இங்கிருந்து மற்றொரு சுரங்கத்தின் வழியே இறங்கும் நீர், பேராக் எல்லைக்குள் ஜோரில் நிலத்தடியில் அமைந்துள்ள சுல்தான் யூசோப் நிலையத்தில் 100 மெகாவாட் வரை மின்னாற்றல் தருகிறது. தேயிலைத் தோட்டங்களின் மேல் பெய்யும் மழை, இவ்வாறு தொலைவிலுள்ள நகரங்களிலும் விளக்கேற்றுகிறது.

அதே மழைநீர் லாரிகளையும் பேருந்துகளையும் ஓட்டுமா? 2023ஆம் ஆண்டு அக்டோபரில் மலேசிய அரசாங்கம் ஹைட்ரஜன் பொருளாதாரத்திற்கான தேசிய வழிகாட்டித் திட்டத்தை வெளியிட்டது முதல் இக்கேள்வி பலரிடம் எழுந்துள்ளது.

தண்ணீரினுள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரியும். எரிபொருள் மின்கலம் என்னும் கருவி இதற்கு நேர்மாறானது. அதன் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் செலுத்தப்படும்; நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். இரு வாயுக்களும் மீண்டும் கூடி நீராகும்போது மின்சாரம் பிறக்கிறது. அம்மின்சாரத்தால் வாகனம் ஓடும். புகைக்குழாய் வழியே கரும்புகைக்குப் பதில் நீராவியே வெளிவரும். இதன் அடிப்படையை வில்லியம் குரோவ் 1839ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்.

ஆயினும் ஹைட்ரஜன், ஆற்றலைப் பிறப்பிக்கும் ஊற்றன்று. சுமந்து செல்லும் கூடையே. ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்க ஒன்பது லிட்டர் தூய நீரும் 50 முதல் 55 கிலோவாட் மணி மின்சாரமும் வேண்டும். அதே ஒரு கிலோ, மின்கலத்தின் வழியே 15 முதல் 20 கிலோவாட் மணியையே திருப்பித் தரும். கொழுந்துக் கூடையில் மூன்றில் இரு பங்கு வழியிலேயே சிந்திப்போவது போன்ற கணக்கு இது. ஆகவே, மின்சாரம் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்கும் இடத்தில்தான் இத்தொழில் வேரூன்றும். உலகில் இன்றும் பெரும்பகுதி ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் செய்யப்படுவதற்கு இந்தச் செலவே முதற்காரணம்.

நம் நாட்டில் சரவாக் முந்திக்கொண்டது இதனால்தான். பாக்குன் அணையின் 2,400 மெகாவாட்டும் மூரும் அணையின் 944 மெகாவாட்டும் அம்மாநிலத்தின் மூலதனம். 2019ஆம் ஆண்டில் கூச்சிங்கில் நாளொன்றுக்கு 130 கிலோ ஹைட்ரஜன் தரும் ஆலையும் நிரப்பு நிலையமும் திறக்கப்பட்டன. ஹைட்ரஜன் பேருந்துகள் சில ஓடலாயின. பிந்துலுவில் பேராலைகள் அமைத்து ஜப்பான், கொரியா நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் திட்டங்களும் வகுக்கப்பட்டன. ஆலை, நிரப்பு நிலையம், வாகனப் பணிமனை, பயிற்சிக்கூடம் ஆகியவை ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தால்தான் அது ஒரு வட்டாரத்தின் பொருளாதாரமாகும். பேருந்தின் கலங்களில் இவ்வாயு 350 பார் அழுத்தத்தில் அடைக்கப்படும். கார்ச் சக்கரத்திலுள்ள காற்றினும் இது நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம். அதைக் கையாளத் தேர்ச்சி பெற்ற கைகள் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் இத்தொழிற்கல்வியை நாடுவது நலம்.

கூச்சிங் ஆலையின் ஒருநாள் உற்பத்திக்கு ஏறத்தாழ 7,150 கிலோவாட் மணி மின்சாரம் போதும். 5.5 மெகாவாட் திறனுள்ள ஹாபு நிலையம் முழு விசையில் ஓடினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் இதைத் தந்துவிடும். கேட்கும்போது ஆசை பிறக்கத்தான் செய்கிறது. ஆனால் அம்மின்சாரம் இப்போது சும்மா கிடக்கவில்லை. கம்பி வழியே நேராக வீடுகளுக்குச் செல்வதை மடைமாற்றி, மூன்றில் இரு பங்கை இழப்பது அறிவுடைமையாகாது. மழைமிகுதியால் நீர் வீணே வழிந்தோடும் வேளைகளில் கிடைக்கும் உபரியைச் சேமிப்பதானால் மட்டுமே இக்கணக்கு ஒருவாறு ஒப்பும்.

அந்த உபரிக்கும் அணையில் நீர் நிற்க இடம் வேண்டுமே! ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் உண்மையான தொல்லை இங்கேதான் உள்ளது. சரிவுகளில் காடழித்துத் திறந்துவிட்ட நிலங்களிலிருந்து மழைதோறும் மண் கரைந்து வந்து அடியில் படிகிறது. படியப் படிய நீரின் கொள்ளளவு குறைகிறது. பெருமழையில் அணை விரைவில் நிரம்பிவிடுகிறது. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் பாய்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்ததை மலைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

நெருங்கி வளர்ந்து தரையை மூடிய தேயிலைச் சரிவு மண்ணை நன்கு பிடித்து வைக்கும். எனினும் புதிதாக நட்ட பகுதிகளும் கவாத்து செய்த பகுதிகளும் மழைக்குத் திறந்தே கிடக்கும். கவாத்துக் குச்சிகளையும் இலைகளையும் விறகென்று அள்ளிச் செல்லாமல் செடிகளினிடையே பரப்பிவிடுதல், வடிகால்களில் சேரும் மண்ணை அவ்வப்போது எடுத்து மேலே இடுதல் போன்ற பழகிய வேலைகள் தோட்டத்தின் உரத்தைக் காப்பதோடு மின்நிலையத்தின் ஆயுளையும் நீட்டுகின்றன. பெர்த்தாம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சூசு அணையுடன் 2016ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 372 மெகாவாட் உலு ஜெலாய் நிலையத்திற்கும் இதே மலைச்சரிவுகளின் நீர்தான் போய்ச் சேருகிறது.