உங்களுக்குத் தெரியுமா? லைட்டரும் தீப்பெட்டியும்

பெட்டிக்கடைத் தூணில் புகைந்துகொண்டிருந்த கயிறு போய், நூலில் கட்டிய லைட்டர் தொங்க ஆரம்பித்து வெகுநாளாகிறது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிக்குச் சமம் என்று 2022-ல் தமிழக முதல்வர் ஒன்றிய அரசுக்கு எழுதினார். பெட்டிக்கு ஐம்பது குச்சி என்றால் மொத்தம் ஆயிரம். சட்டத்தில் அடுக்கி, மருந்தில் முக்கி, உலர்த்தி, பெட்டியில் அடைக்கவேண்டிய ஆயிரம் குச்சிகள்.

★

தீப்பெட்டி விலை 14 ஆண்டுகள் அசையாமல் நின்றது தெரியுமா? 2007-ல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயானது. 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய். இடையில் சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை எல்லாம் ஏறிவிட்டன. விலை கூடுமுன் 600 பெட்டி கொண்ட ஒரு பண்டல் ஆலையிலிருந்து 270 முதல் 300 ரூபாய்க்குத்தான் போனது. பெட்டிக்கு ஐம்பது காசு தேறினாலே பெரிது. குச்சி அடுக்கிய பெண்ணின் கூலியும் அந்த ஐம்பது காசுக்குள்தான். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

★

சீனாவின் ஹுனான் மாகாணத்தில் ஷாவ்டோங் என்றொரு ஊர். உலகத்துக்கே லைட்டர் செய்து அனுப்பும் ஊர். அங்கும் ஒரு யுவான் லைட்டரின் விலை இருபது ஆண்டுகளாக ஏறவில்லை. ஏற்றாமல் தாக்குப்பிடிக்க, கைவேலையை இயந்திரங்களிடம் கொடுத்தார்கள்.

★

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க 1922-ல் கல்கத்தா போனார்கள். அப்போது ஸ்வீடன், ஜப்பான் தீப்பெட்டிகள்தான் சந்தையில் கொடிகட்டிப் பறந்தன. அதே ஆண்டு ஆங்கிலேய அரசு, ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டது. நம் தொழிலைக் காப்பாற்ற அல்ல, கஜானாவை நிரப்ப. ஆனாலும் அந்த வரியின் நிழலில்தான் உள்ளூர்த் தீப்பெட்டி தழைத்தது. ஸ்வீடன் கம்பெனி சும்மா இருக்கவில்லை. வரி கட்டி வெளியிலிருந்து அனுப்புவானேன் என்று 1923-ல் இங்கேயே விம்கோ என்ற தீப்பெட்டிக் கம்பெனியைத் தொடங்கிவிட்டது! வரிச்சுவர் எழுப்பினால் சுவருக்கு உள்ளேயே வந்து குடியேறுவார்கள் என்பதை சிவகாசி அன்றே பார்த்துவிட்டது.

★

மலிவு லைட்டருக்கு அஞ்சியது நாம் மட்டுமல்ல. சீனா, ஜப்பான் உள்ளிட்ட நாடுகளின் லைட்டர்கள் மீது ஐரோப்பா 1991-லேயே பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது.

★

கையில் லைட்டர் இருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எரிவாயு நிரப்பும் வால்வு இல்லையென்றால், தீர்ந்ததும் அது குப்பைதான். பிளாஸ்டிக்கும் இரும்புச் சக்கரமும் சேர்ந்த குப்பை.

★

2023 ஜூனில் ஒன்றிய அரசு, 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. கடையில் விற்கும் விலையை வைத்து அல்ல. சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த கணக்கு அது. தடை நியாயமானது, தேவையானது. ஆனால் விலையை மட்டும் வைத்துக் கோடு கிழித்தால், பில்லில் எண்ணை மாற்றிக் கோட்டைத் தாண்டிவிடலாம். முழு லைட்டருக்குத்தானே தடை என்று உடல் தனி, மூடி தனி, சக்கரம் தனியாக இறக்கி இங்கே பூட்டிக்கொள்ளவும் வழி இருந்தது. 2024 அக்டோபரில் உதிரி பாகங்களுக்கும் தடை வந்தது. நடுவில் போனது பதினைந்து மாதங்கள்.