அன்றன்றைக்கு ஒரு நிறம்

நினைவு சொல்லும் கணக்கு

சென்ற மாதம் மனம் எப்படி இருந்தது என்று மருத்துவர் கேட்டால், பெரும்பாலும் நாம் சொல்வது இன்றைய மனநிலையைத்தான். சோர்ந்திருக்கும்போது சோகமான நினைவுகளே எளிதில் மேலே வரும் என்பதை உளவியலாளர் கோர்டன் பவர் 1981-இல் விளக்கினார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் போட்டு, அன்றைய மனநிலைக்கு ஒரு நிறம் தீட்டி, பக்கத்தில் இரண்டு வரி எழுதும் பழக்கம் இந்தக் குறையை ஈடுகட்டுகிறது. நிறத்துக்கே நோய் தீர்க்கும் சக்தி உண்டு என்பவர்களை நான் நம்புவதில்லை. அன்றைக்கே பதிந்தது என்பதுதான் அந்தக் கட்டத்தின் மதிப்பு.

மருத்துவமே கேட்கும் பதிவு

மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் சிலருக்குக் கடும் எரிச்சலும் மனச்சோர்வும் வந்து, உதிரப்போக்கு தொடங்கிய சில நாட்களில் தணிந்துவிடும். பிஎம்டிடி எனப்படும் இந்த நோயை உறுதிசெய்ய, குறைந்தது இரண்டு மாதவிலக்குச் சுழற்சிகளுக்கு அன்றாடப் பதிவு வேண்டும் என்கிறது மனநோய்களை இனங்காண மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 கையேடு. மாதம் முழுக்க நீடிக்கும் சோர்வும் வந்து போகும் சோர்வும் நினைவில் ஒன்றாகக் கலந்துவிடும். சிகிச்சையோ இரண்டுக்கும் ஒன்றல்ல. கட்டங்களில் சோர்வுக்கான கருநிறம் மாதந்தோறும் ஒரே இடத்தில் திரண்டிருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஏன் திரண்டது என்பதற்குத்தான் அந்த இரண்டு வரி: இரவு எத்தனை மணி நேரம் தூங்கினோம், மாத்திரை போட்டோமா, யாரோடு சண்டை.

எழுதினால் சோகம் கூடாதா?

காலையில் சிரித்து மாலையில் அழுத நாளுக்கு ஒரு நிறம் போதுமா என்பது சின்னக் கேள்வி. கட்டத்தைக் குறுக்கே பிரித்துக்கொள்ளலாம். நீலம் அமைதியா துயரமா என்பதும் அவரவர் முடிவு, நடுவில் மாற்றாதவரை. எழுதுவதே துயரத்தைக் கிளறாதா என்ற ஆட்சேபம்தான் கனமானது. ஒரே கவலையை மனத்தில் சுழற்றிக்கொண்டே இருப்பது மனச்சோர்வை நீட்டிக்கும் என்று உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமாவின் ஆய்வுகள் காட்டின. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்விலும், மனக்காயங்களைப் பற்றி எழுதிய மாணவர்களுக்கு எழுதி முடித்தவுடன் மனம் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. அவர்கள் எழுதியது நாளுக்கு 15 நிமிடம், நான்கே நாள். அந்த அளவு முக்கியம் என்று நினைக்கிறேன். புலம்பல் பக்கம் பக்கமாக நீண்டால் அன்றைக்கு நிறம் மட்டும் தீட்டி நோட்டை மூடிவிடலாம். இரண்டு வாரம் தொடர்ந்து கருநிறமே விழுந்தால் அந்த நோட்டோடு மருத்துவரிடம் போக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது; இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை உடனே அழைக்கலாம்.