ஒரு படியின் விலை

என் அக்கா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். ஆண்டுதோறும் மாணவிகளைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று, பெரிய கோயிலின் கல்வெட்டுகளை எழுத்துக்கூட்டிப் படிக்கச் செய்வது அவர் வழக்கம். நான்காண்டுகளுக்கு முன் பக்கவாதம் தாக்கியதிலிருந்து அவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். கடந்த தை மாதம், "இன்னொரு தடவை பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வரலாமா, தம்பி?" என்று கேட்டார். அவர் மகள் குடும்பமும் நானும் என் மனைவியுமாக ஆறு பேர் வேன் அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம்.

தங்கும் விடுதியை முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்திருந்தேன். "சக்கர நாற்காலிக்கு எல்லா வசதியும் உண்டு" என்றார்கள். போய்ப் பார்த்தால் மின்தூக்கி இருந்தது. அதை அடைய நான்கு படிகள் ஏறவேண்டியிருந்தது. அறைக் கதவு அகலமாக இருந்தது. குளியலறைக் கதவின் அகலம் 24 அங்குலம். அக்காவின் நாற்காலி 25 அங்குலம். அந்த ஓர் அங்குலத்தால் இரண்டு நாளும் அவரைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுசெல்ல நேர்ந்தது.

மறுநாள் நாங்கள் சென்ற ஒரு காட்சிக்கூடத்தில் சாய்தளம் இருந்தது. ஒன்றரை அடி உயரத்துக்கு ஆறு அடி நீளம். சாய்தளத்துக்கு ஏற்கப்பட்டுள்ள அளவு, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அதன்படி அங்கே பதினெட்டு அடி தேவை. ஆறடியில் அமைத்தால் அது சாய்தளமன்று, சறுக்குமரம். இருவர் பின்னிருந்து தள்ள, ஒருவர் முன்னிருந்து பிடிக்க, அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நம் மக்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். எங்கே தயங்கி நின்றாலும் முன்பின் அறியாதவர்கள் ஓடிவந்து கைகொடுத்தார்கள். ஆனால், அன்று மாலை அக்கா சொன்ன ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "உதவி கிடைக்குது தம்பி. ஆனா, யாரையும் கேட்காமல் ஓர் இடத்துக்குப் போக முடியலையே" என்றார். பிறகு, காலையிலிருந்து தான் ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்கவில்லை என்பதையும் சொன்னார். வழியில் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இருக்காது என்ற அச்சம். எழுபது வயதைக் கடந்த ஒருவர் தாகத்தை அடக்கிக்கொண்டு வரலாற்றைப் பார்க்கவேண்டியிருக்கிறது. இந்தச் செலவு எந்தச் சுற்றுலாக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அணுகல் வசதி என்பது ஒரு சங்கிலி. பொருளியலில் ஒன்றையொன்று நிறைவுசெய்யும் பண்டங்கள் என்போம்: இடக்கால் செருப்பு இல்லாமல் வலக்கால் செருப்பால் பயனில்லை. வாகன நிறுத்தம், நடைபாதை, வாசல், மின்தூக்கி, கழிப்பறை ஆகிய ஐந்தில் நான்கு சரியாக இருந்தால் எண்பது விழுக்காடு பயன் கிடைக்கும் என்று எண்ணுகிறோம். உண்மையில் கிடைப்பது பெரும்பாலும் பூஜ்யம். பத்து இடங்களில் பத்துச் சாய்தளங்களைச் சிதறவிட்டுச் செலவழிப்பதைவிட, ஒரே ஒரு வழித்தடத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை தடையின்றி அமைப்பது சிக்கனமானது.

"சக்கர நாற்காலியில் எத்தனை பேர் வருகிறார்கள்? அவர்களுக்காக இவ்வளவு செலவா?" என்ற கேள்வி வழக்கமாக எழும். பேருந்தே போகாத ஊரில் பயணச்சீட்டு விற்பனையைக் கணக்கெடுத்து, அங்கே பயணிகளே இல்லை என்று முடிவுசெய்வதைப் போன்றது இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடி பேர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். முழங்கால் வலியுள்ள முதியவர், கருவுற்ற பெண், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தாய் என எல்லாருக்கும் அந்தச் சாய்தளம் உதவும். மேலும், ஒருவரால் போக முடியாத ஊருக்குக் குடும்பமே போவதில்லை. நாங்கள் மூன்று நாள் தங்க எண்ணியிருந்தோம். இரண்டாம் நாளே திரும்பிவிட்டோம். தலையாட்டி பொம்மை விற்பவருக்கும் உணவகத்துக்கும் இழப்பு ஒருவருடையதன்று, ஆறு பேருடையது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறியது. அதன்கீழான விதிகள் 2017 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டன. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான ஐந்தாண்டுக்குள் அனைவரும் அணுகத்தக்கவையாக மாற்றவேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. அந்தக் கெடு 2022-இல் முடிந்துவிட்டது. அணுகல் விதி வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கட்டாயத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது.

தொன்மையான சின்னங்களுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தியா 2007-இல் ஏற்புறுதி அளித்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கைகூட, தேசியப் பண்பாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைப் பற்றிப் பேசும்போது 'இயன்றவரை' என்ற சொல்லைச் சேர்த்தே சொல்கிறது. ஆயிரம் ஆண்டுப் படியை உடைத்து மின்தூக்கி வைக்கும்படி யாரும் கேட்கவில்லை. கல்லைத் துளையிடாமல், மேலே வைத்து, வேண்டாதபோது எடுத்துவிடக்கூடிய மரச் சாய்தளங்கள் போதும். சின்னத்துக்கு வெளியே உள்ள வாகன நிறுத்தத்துக்கும் கழிப்பறைக்கும் அந்தத் தயக்கமும் தேவையில்லை. அவை நம் காலத்தில் கட்டப்பட்டவை.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. ஏதென்ஸ் நகரின் அக்ரோபொலிஸ் குன்றுக்குச் சக்கர நாற்காலியர் ஏற 2020 டிசம்பரில் புதிய மின்தூக்கி திறக்கப்பட்டது. இடைக்கால மதில் சூழ்ந்த ஸ்பெயின் நகரமான ஆவிலா, அணுகத்தக்க நகரங்களுக்கு ஐரோப்பிய ஆணையம் வழங்கும் விருதை 2011-இல் முதலாவதாகப் பெற்றது. அந்நகரமும் தஞ்சைப் பெரிய கோயிலைப் போலவே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பதுதான்.

நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பல கோயில்களில் வெளியே ஓடிய சக்கரம் உள்ளே வரக்கூடாது என்பார்கள். வேறு நாற்காலிக்கு மாறச் சொல்வார்கள். உடல்வாகுக்கேற்ப அமைந்த நாற்காலியும் மெத்தையும் இல்லாமல் நெடுநேரம் உட்கார்ந்தால் சிலருக்குப் படுக்கைப்புண் வரும். காலைக் கழுவிவிட்டு நாம் உள்ளே போவதுபோல, சக்கரத்தையும் கழுவித் துடைத்துவிட்டுப் போக ஏன் விடக்கூடாது? நடக்க இயலாதவருக்கு அதுதானே கால்?

உடனடியாகச் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஏறத்தாழச் செலவே இல்லாதது: தகவல். 'வசதி உண்டு' என்ற இரண்டு சொல்லை நம்பி யாரும் பயணம் செய்ய முடியாது. எத்தனை படிகள், படியின் உயரம், கதவின் அகலம், கழிப்பறை இருக்குமிடம் ஆகியவற்றை அளந்து, விடுதிகளும் சுற்றுலாத் தலங்களும் வெளியிடவேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வரலாற்று நகரிலும் குறைந்தது ஒரு வழித்தடத்தையேனும் முழுமையாக அமைப்பது. மூன்றாவது, அதைச் சரிபார்க்கும் குழுவில் சக்கர நாற்காலியில் செல்பவரைச் சேர்ப்பது. அந்த 24 அங்குலக் கதவை அவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்.

பெரிய கோயிலில் கருவறைக்குச் செல்லும் மண்டபம் உயர்ந்த படிகளின் மேல் இருக்கிறது. அக்கா கீழிருந்தே வணங்கினார். பிறகு விமானத்தின் அடித்தளத்தை ஒட்டி நாற்காலியை மெல்ல நகர்த்தச் சொன்னார். கல்வெட்டு வரிகள் அவருக்கு எதிரே ஓடின. தான் கொடுத்தவற்றோடு தன் அக்கா குந்தவை கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டும்படி இராஜராஜன் ஆணையிட்ட செய்தியைத் தன் பேரனுக்கு விளக்கினார். சாரப்பள்ளத்திலிருந்து சாய்தளம் அமைத்து உச்சிக் கல்லை ஏற்றியதாக வழங்கும் செவிவழிக் கதையையும் சொன்னார். "அப்போ அவ்வளவு பெரிய சாய்தளம் போட்டாங்களா பாட்டி?" என்று சிறுவன் கேட்டான். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த தை மாதமும் வரவேண்டும் என்கிறார். கருவறை வரை போகவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. காலையில் வேண்டிய அளவு தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படவேண்டும், அவ்வளவுதான்.